எண் கொடுப்பது யார் வேலை?

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "சின்னசாமி!" என்று உரக்கக் கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? இரண்டு மூன்று பேராவது திரும்புவார்கள். நம் ஊர்களில் பெயர்கள் தாத்தாவிடமிருந்து பேரனுக்கும், குலதெய்வத்திடமிருந்து குடும்பம் முழுமைக்கும் வருபவை. ஆகவே ஒரே பெயர் பலருக்கு இருப்பதில் வியப்பில்லை. ஊரார் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் மேட்டுத்தெரு சின்னசாமி. இன்னொருவர் டீக்கடை சின்னசாமி. மூன்றாமவர் நெட்டைச் சின்னசாமி. பள்ளிக்கூடப் பதிவேட்டில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்துகொள்கிறது.

ஊர் சிறியதாக இருக்கும் வரை இந்த ஏற்பாடு போதும். எல்லாரையும் எல்லாரும் அறிந்த இடத்தில் குழப்பம் நேராது. ஆனால் பதிவேடு ஊரைத் தாண்டிப் போகும்போது, நெட்டைச் சின்னசாமி யார் என்பது விழுப்புரத்தில் இருப்பவருக்கோ சென்னையில் இருப்பவருக்கோ எப்படித் தெரியும்? அங்கேதான் எண் தேவைப்படுகிறது. பெயரைப் போல எண் இனிமையாக இராது. ஆனால் அதற்கு ஒரு கடமை உண்டு. ஒன்றைச் சுட்டினால் அந்த ஒன்றை மட்டுமே அது சுட்ட வேண்டும்.

இன்று செயற்கை அறிவு உதவியாளர்கள் எனப்படும் கணிப்பொறி நிரல்கள் நம் பதிவேடுகளை எழுதவும், அட்டவணைகளைத் தொகுக்கவும் உதவுகின்றன. கேட்டால் அவை எண்ணும் கொடுக்கும். அந்த எண்ணை நம்பலாமா? நம்பக் கூடாது என்பதுதான் என் கருத்து. எண் கொடுக்கும் வேலையை, அதற்கென்றே அமைந்த ஒரு சிறு கருவியிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கருவியை உங்களைப் போன்ற பள்ளி மாணவர்களே அமைக்க முடியும், அமைக்கவும் வேண்டும். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நம்மைச் சுற்றியுள்ள எண்கள்

முதலில் நம் வீட்டைச் சுற்றியுள்ள எண்களைக் கவனியுங்கள். கடிதத்தில் எழுதும் அஞ்சல் குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்தது. கள்ளக்குறிச்சிக்கு 606202, பக்கத்துச் சின்னசேலத்துக்கு 606201. முதல் இலக்கமான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்பகுதியைக் குறிக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் அஞ்சலகத்தைக் குறிக்கும்.

மாட்டுக் கொட்டகைக்குப் போனால் பசுவின் காதில் மஞ்சள் நிற வில்லை ஒன்று தொங்கும். அதில் 12 இலக்க எண் இருக்கும். எந்தப் பசுவுக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்பதை அதை வைத்துத்தான் பதிகிறார்கள். ஆதார் எண்ணும் 12 இலக்கமே. முதல் ஆதார் எண் 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிர மாநிலம் நந்துர்பார் மாவட்டத்திலுள்ள டெம்ப்லி என்னும் பழங்குடி கிராமத்தில் வழங்கப்பட்டது. உங்கள் ஒவ்வொருவருக்கும் பள்ளியில் 'எமிஸ்' எண் என்று ஒன்று உண்டு. வீட்டு நிலத்துக்குப் பட்டாவில் புல எண் உண்டு.

இந்த எண்கள் நமக்கு இரண்டு பாடங்கள் சொல்லித் தருகின்றன.

முதற்பாடம் புல எண்ணில் இருக்கிறது. "எங்கள் நிலம் 45/2" என்று சொன்னால் அது எந்த நிலம்? 45ஆம் புல எண் கிராமத்துக்குக் கிராமம் இருக்கும். கிராமம், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் பெயரைச் சேர்த்தால்தான் அது ஒரே ஒரு நிலத்தைச் சுட்டும். ஆக, ஓர் எண் 'தனி எண்' என்று சொல்லும்போது, எந்த எல்லைக்குள் தனி எண் என்று கேட்க வேண்டும். உங்கள் வகுப்பு வரிசை எண் 7 என்பது வகுப்பறைக் கதவு வரைக்கும்தான் தனி எண்.

இரண்டாம் பாடம் மாவட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் அம்மாவட்டம் பிரிந்தபோது விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சியே தனி மாவட்டமாயிற்று. யாரேனும் ஒருவர் மாவட்டப் பெயரை எண்ணுக்குள் பொதித்து ஒரு பதிவேடு தொடங்கியிருந்தால், ஒரே மனிதரின் ஆயுளுக்குள் அந்த எண் இரண்டு முறை பொய்யாகியிருக்கும். எண்ணுக்குள் அர்த்தத்தை அடைத்து வைத்தால், அர்த்தம் மாறும்போது எண் கெட்டுவிடும். ஆகையால் நெடுநாள் நிலைக்க வேண்டிய எண் எதையும் பற்றிப் பேசாத எண்ணாக இருப்பது நல்லது.

மலையில் இரண்டு குழுக்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். கல்வராயன் மலையில் ஒரு வேலை எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே கடுக்காய் மரங்கள் உண்டு. தாவரவியலார் இதை டெர்மினாலியா செபுலா என்பர். மலைவாழ் மக்கள் கடுக்காய், தேன், புளி ஆகியவற்றைச் சேகரித்துக் கீழ்நாட்டுக்குக் கொண்டுவந்து விற்பது நெடுநாள் வழக்கம். உயிரியற் பன்மைச் சட்டம் 2002இன் கீழ் ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். மாணவர்கள் வனத்துறையின் அனுமதியுடன் மரங்களைக் கணக்கெடுத்து, ஆண்டுதோறும் எந்த மரம் காய்த்தது, எது பட்டுப்போனது என்று எழுதிவைத்தால் அது நாட்டுக்கே பயன்படும் ஆவணமாகும்.

ஒரு குழு வெள்ளிமலைப் பக்கம் போகிறது. இன்னொரு குழு சேராப்பட்டுப் பக்கம் போகிறது. மலை மடிப்புகளில் செல்போனுக்குச் சைகை கிடைக்காத இடங்கள் பல. முதற்குழு கண்ட முதல் மரத்துக்கு 1 என்று எண் இடுகிறது. இரண்டாம் குழுவும் தன் முதல் மரத்துக்கு 1 என்றே இடுகிறது. மாலையில் பள்ளிக்கு வந்து இரண்டு நோட்டுகளையும் ஒன்றாகச் சேர்க்கும்போது, 1 என்னும் எண்ணில் இரண்டு மரங்கள் நிற்கின்றன!

நடு அலுவலகம் ஒன்று இருந்து, ஒவ்வொரு மரத்துக்கும் அதைக் கேட்டு எண் வாங்கினால் குழப்பம் வராது. ஆதார் முறை அப்படிப்பட்டது. ஆனால் சைகை இல்லாத மலையில் யாரைக் கேட்பது? யாரையும் கேட்காமல், ஒருவர் எண்ணை மற்றவர் அறியாமல், இருவரும் எண் இட வேண்டும். இருந்தாலும் இரண்டு எண்கள் ஒன்றாகிவிடக் கூடாது. இது முடிகிற காரியமா?

முடியும். வழி விந்தையானது. குருட்டாம்போக்கில் எண் எடுக்க வேண்டும். ஆனால் மிக மிகப் பெரிய குவியலிலிருந்து எடுக்க வேண்டும்.

குவியல் எவ்வளவு பெரியது?

சிறிய குவியல் ஏன் உதவாது என்பதை உங்கள் வகுப்பிலேயே சோதிக்கலாம். 40 பேர் உள்ள வகுப்பில் இருவருக்காவது ஒரே நாளில் பிறந்தநாள் வர எவ்வளவு வாய்ப்பு இருக்கும்? ஆண்டில் 365 நாட்கள் இருக்க, 40 பேர்தானே என்று தோன்றும். ஆனால் விடை ஏறத்தாழ 89 சதவீதம்! வெறும் 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடுகிறது. காரணம் என்ன? நாம் ஒப்பிடுவது ஆட்களை அல்ல, ஜோடிகளை. 40 பேரில் 780 ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் மோதிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம்.

இதே கணக்கை மரங்களுக்குப் போடுங்கள். 0000 முதல் 9999 வரை நான்கு இலக்க எண்களைக் குருட்டாம்போக்கில் இட்டால், ஏறத்தாழ 120 மரங்களுக்குள்ளேயே இரண்டு மரங்களுக்கு ஒரே எண் வந்துவிடப் பாதி வாய்ப்பு உண்டு. ஆறு இலக்கமாக்கினாலும் 1,200 மரங்களைத் தாண்டாது.

கணிப்பொறி உலகில் இதற்கென ஒரு பொது முறை இருக்கிறது. 'யு.யு.ஐ.டி.' என்று அதைச் சொல்வார்கள். உலகெங்கும் தனித்து நிற்கும் அடையாள எண் என்று பொருள். 1980களில் அமெரிக்காவின் அப்போலோ கம்ப்யூட்டர் நிறுவனம் தன் வலைப்பின்னலில் கையாண்ட முறையிலிருந்து இது வளர்ந்தது. 2005இல் ஆர்.எஃப்.சி. 4122 என்னும் பொது விதியாக வெளியிடப்பட்டது. 2024 மே மாதத்தில் ஆர்.எஃப்.சி. 9562 அதன் இடத்துக்கு வந்தது.

இந்த எண்ணில் 32 இலக்கங்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பத்துக் குறிகளுடன் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளையும் சேர்த்து, ஓர் இலக்கத்துக்கு 16 குறிகள். படிப்பதற்கு வசதியாக நடுவே நான்கு சிறு கோடுகள். இவ்வகை எண்களில் பல பதிப்புகள் உண்டு. நமக்கு வேண்டியது நான்காம் பதிப்பு. அதில் 6 பிட்டுகள் முன்னரே முடிவானவை. மீதி 122 பிட்டுகள் முழுக்க முழுக்கக் குருட்டாம்போக்கு. ஒரு நாணயத்தை 122 முறை சுண்டி, தலை விழுந்தால் 1, பூ விழுந்தால் 0 என்று எழுதுவதற்கு இது சமம்.

122 சுண்டல்களில் எத்தனை விதமான விடைகள் வரலாம்? 53 என்று எழுதி அதன்பின் 35 சுழிகள் போடுங்கள், ஏறத்தாழ அத்தனை. உலகில் இன்றுள்ள சுமார் 800 கோடி மக்களும் ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் எண்கள் எடுத்தாலும், அவற்றில் எங்கேனும் ஒரு மோதல் நிகழ நூறு கோடியில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. வெள்ளிமலைக் குழுவும் சேராப்பட்டுக் குழுவும் கவலையின்றி எண் இடலாம்.

பேசும் யந்திரத்தை ஏன் கேட்கக் கூடாது?

"சரி, செயற்கை அறிவு உதவியாளரிடம் ஒரு யு.யு.ஐ.டி. கொடு என்றால் உடனே கொடுக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அது எப்படிக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இத்தகைய உதவியாளரின் உள்ளே இருப்பது ஒரு மொழி மாதிரி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுவது அதன் தொழில். கட்டுரை எழுத அது நல்ல திறமை. ஆனால் குருட்டாம்போக்கு எண் என்பது, அடுத்து என்ன வரும் என்று யாராலும் கணிக்க முடியாத எண். கணிப்பதையே தொழிலாகக் கொண்ட யந்திரத்திடம் கணிக்க முடியாததைக் கேட்பது, எதிரொலியிடம் புதுப்பாட்டு கேட்பது போன்றது.

கணிப்பொறிப் பாடநூல்களிலும் விளக்கக் குறிப்புகளிலும் உதாரணத்துக்காக அச்சிடப்பட்ட யு.யு.ஐ.டி. எண்கள் சில உண்டு. அவற்றையே இந்த யந்திரங்கள் ஆயிரக்கணக்கான முறை படித்திருக்கின்றன. ஆகவே அவற்றையோ, அவற்றைப் போன்றவற்றையோ எழுதிவிடும் அபாயம் இருக்கிறது. 1 முதல் 100 வரை ஓர் எண் சொல் என்றால் 42 போன்ற சில எண்களை இவை அடிக்கடி சொல்வதைச் சோதித்தவர்கள் கண்டிருக்கிறார்கள். மனிதரும் இதற்கு விலக்கல்லர். 1 முதல் 10 வரை ஓர் எண் நினைக்கச் சொல்லி வகுப்பில் எழுதி வாங்குங்கள். எல்லா எண்களும் சமமாக வருகின்றனவா, அல்லது 7 போன்ற ஒன்றிரண்டு எண்கள் முந்துகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் உள்ள உண்மையான ஆபத்து வேறு. யந்திரம் கற்பனை செய்த எண்ணும் பார்வைக்கு அசல் எண்ணைப் போலவே இருக்கும். நான்காம் பதிப்பு எண்ணில் 13ஆம் இலக்கம் 4 ஆக இருக்க வேண்டும். 17ஆம் இலக்கம் 8, 9 அல்லது ஆங்கிலத்தின் முதலிரண்டு எழுத்துகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மொழி மாதிரி இந்த விதியையும் படித்திருக்கிறது. ஆகவே வடிவச் சோதனையில் அதன் எண் தேறிவிடும். வடிவம் சரியாக இருப்பது, வந்த வழி சரி என்பதற்குச் சான்று ஆகாது. கள்ள நோட்டுக்கும் அதே நிறமும் அதே அளவும்தான்.

கணிப்பொறியே குருட்டாம்போக்கில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பில் 2006இல் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம், இரகசியச் சாவிகளை உண்டாக்கும் நிரலின் குருட்டாம்போக்கை ஏறக்குறைய அழித்துவிட்டது. எண்ணற்ற விதமான சாவிகள் வர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் 32,768 சாவிகளே வந்தன. சாவிகள் எல்லாம் பார்க்கச் சரியாகவே இருந்தன. 2008 மே மாதத்தில்தான் குறை வெளிப்பட்டது. உலகெங்கும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. சரியான தோற்றத்தைக் கண்டு ஏமாறுவது வல்லுநர்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

மரம் என்றால் ஒரு பதிவு கெடும், அவ்வளவுதான். ஆனால் மலையிலிருந்து இறங்கி வரும் இரண்டு நோயாளிகளின் இரத்த மாதிரிகளுக்கு ஒரே எண் விழுந்தால்? ஒருவருக்கு உரிய மருந்து இன்னொருவருக்குப் போகும். பெயரும் ஒன்றாக இருந்துவிட்டால் தவற்றைக் கண்டுபிடிக்கவும் வழியிராது. எண் என்பது சிறிய சங்கதி அன்று.

சர்வர் என்னும் சிறு பணியாள்

இதற்குத் தீர்வு எளியது. உதவியாளர் எண்ணைக் கற்பனை செய்யாமல், எண் தரும் கருவியைக் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஓட்டலில் சர்வர் என்ன செய்கிறார்? இரண்டு இட்டிலி என்றால், உள்ளே போய் இரண்டு இட்டிலி எடுத்து வந்து வைக்கிறார். இட்டிலியைப் பற்றி அவர் கவிதை சொல்வதில்லை. கணிப்பொறியில் 'சர்வர்' என்பதும் இப்படிப்பட்ட ஒரு நிரலே. கேட்டதை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. செயற்கை அறிவு உதவியாளர்களும் இத்தகைய சர்வர்களும் பேசிக்கொள்ள ஒரு பொது ஒழுங்கை 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. அதன் பெயர் மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால்; சுருக்கமாக எம்.சி.பி.

பேச்சு மூன்று கட்டமாக நடக்கும். முதலில் இருவரும் அறிமுகம் செய்துகொள்வார்கள். பிறகு உதவியாளர், "உன்னிடம் என்னென்ன கருவிகள் உண்டு?" என்று கேட்கும். சர்வர், "புது எண் தரும் கருவி ஒன்று உண்டு, எத்தனை எண் வேண்டும் என்று சொன்னால் போதும்" என்று பட்டியல் கொடுக்கும். மூன்றாவதாக, நீங்கள் ஒரு மரத்தைப் பதியச் சொல்லும்போது, உதவியாளர் அந்தக் கருவியை அழைத்து எண்ணை வாங்கிப் பதிவேட்டில் எழுதும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். உதவியாளர் அனுப்பும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு கேள்வி எண்ணைத் தாங்கிச் செல்லும். விடையும் அதே எண்ணுடன்தான் திரும்பும். எந்த விடை எந்தக் கேள்விக்கு என்று தெரிய வேண்டும் அல்லவா? எண்ணைக் கேட்பதற்கே எண் தேவைப்படுகிறது!

இந்தச் சர்வரை அமைக்கப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் ஒன்று வீட்டுப் பரணில் கிடந்து, இன்னும் ஓடுமானால் அதுவே போதும். பைதான் மொழியில் யு.யு.ஐ.டி. உண்டாக்கும் பகுதி மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஒரே வரியில் எண் கிடைக்கும். அதைச் சுற்றிக் கேள்வியை வாங்கி விடையைக் கொடுக்கும் பகுதிக்குச் சில பத்து வரிகள் போதும். உதவியாளர் நிரலும் சர்வரும் ஒரே கணிப்பொறியில் இருந்தால் அவை இரண்டும் பேசிக்கொள்ள இணையமும் தேவையில்லை. எண் உண்டாக்கும் அதே ஒரு வரியை மலைக்குக் கொண்டுபோகும் கருவியிலும் வைத்துக்கொண்டால், சைகை இல்லாத இடத்திலும் எண் கிடைக்கும்.

குருட்டாம்போக்கு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்க வேண்டும். கணிப்பொறியின் இயக்க மென்பொருள், வன்பொருள்களிலிருந்து வரும் குறிப்புகளின் நேரத்தில் உள்ள மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இன்றைய செயலிகள் பலவற்றில் மின் இரைச்சலிலிருந்து எண் எடுக்கும் உறுப்பே உண்டு. பைதான் இந்தச் சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறது.

சர்வரை அமைத்ததோடு நிற்காமல் அதைச் சோதியுங்கள். பத்து லட்சம் எண்கள் உண்டாக்கி, இரண்டு ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே முறையில் நூறு எண்களுக்கு மேல் கேட்டால் மறுக்குமாறு எழுதுங்கள். எந்த நேரத்தில் எந்த எண் கொடுக்கப்பட்டது என்று ஒரு கோப்பில் குறித்து வைக்கச் செய்யுங்கள். பதிவேட்டில் உள்ள எண் இந்தக் கோப்பில் இல்லையென்றால், அது சர்வர் கொடுத்தது அன்று என்று உடனே தெரிந்துவிடும். வடிவச் சோதனையால் ஆகாததை இந்தக் குறிப்பேடு செய்துவிடுகிறது.

சில ஆட்சேபணைகள்

"இன்றைய உதவியாளர்கள் சில தாமே நிரல் எழுதி இயக்கி எண் எடுக்கின்றனவே?" என்று சொல்வோர் உண்டு. உண்மைதான். அப்படிச் செய்யும்போது அவையும் ஒரு கருவியைத்தான் பயன்படுத்துகின்றன. என் வாதத்துக்கு அது வலுவே தவிர மறுப்பு அன்று. ஆனால் இந்த முறை நிரலை இயக்கியதா, நினைவிலிருந்து எழுதியதா என்று அறிய நமக்கு ஒரு வழி வேண்டும். நம் சர்வரின் குறிப்பேடு அந்த வழி.

"வெள்ளிமலைக்கு வெ-1, வெ-2, சேராப்பட்டுக்குச் சே-1, சே-2 என்று இட்டால் போதாதா?" இதுவும் நியாயமான கேள்வி. குழுக்கள் இரண்டே, அவை மாறவே மாறா என்றால் போதும். ஒரே நோட்டு, ஒரே ஆள் என்றால் 1, 2, 3 என்னும் வரிசை எண்ணே மிகச் சிறந்தது. ஆனால் அடுத்த ஆண்டு கரியாலூரிலிருந்து மூன்றாம் குழு வரும். நோட்டு தொலைந்து ஒரு குழு மறுபடி 1லிருந்து தொடங்கும். மலையின் சேலம் மாவட்டப் பக்கத்து மாணவர்கள் தங்கள் பதிவேட்டை உங்களுடையதோடு சேர்க்க விரும்புவார்கள். பதிவேடு வளருமானால் முன்யோசனை வேண்டும்.

"இவ்வளவு நீள எண்ணை யார் எழுதுவது, யார் படிப்பது?" இந்த ஆட்சேபணை முற்றிலும் சரி. கையால் எழுதும் இடத்தில் யு.யு.ஐ.டி. தொல்லைதான். ஆகவே மரத்தில் ஆணி அடிக்காமல் தளர்வாகக் கட்டும் வில்லையில் சிறு எண் ஒன்று இருக்கட்டும். நீள எண் பதிவேட்டுக்குள் இருக்கட்டும். சிறு எண்ணின் கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்றைச் சேர்ப்பது நல்லது. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் அப்படிப்பட்டதே. டச்சு நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் தவறானாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணால் ஆகாதது

கருவியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அடையாள எண்ணில் இரண்டு விதமான பிழைகள் உண்டு. ஓர் எண் இருவருக்கு வருவது ஒன்று. ஒருவருக்கு இரண்டு எண்கள் வருவது மற்றொன்று. நம் சர்வர் முதற்பிழையைத்தான் தடுக்கும். ஒரே கடுக்காய் மரத்தை இரண்டு குழுவும் வெவ்வேறு நாளில் பார்த்து இரண்டு எண் இட்டால் அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. ஆதாரில் கைரேகையும் கண்மணிப் பதிவும் எடுப்பது இந்த இரண்டாம் பிழையைத் தடுக்கத்தான். மரத்துக்கு அவை இல்லை. மரம் நிற்கும் இடம், அடிமரத்தின் சுற்றளவு, பக்கத்திலுள்ள பாறை, அந்த மரத்தை நெடுநாளாக அறிந்த மலைவாசிப் பெரியவரின் சொல் ஆகியவற்றைக் கொண்டு நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அறிவை எந்த நிரலும் உங்களுக்குத் தராது.

இன்னொன்றும் உண்டு. எண் தன் சொந்தக்காரரைப் பற்றி வேண்டாததைச் சொல்லிவிடக் கூடாது. யு.யு.ஐ.டி.யின் முதற்பதிப்பில், அதை உண்டாக்கிய கணிப்பொறியின் வலையட்டை எண்ணும், உண்டாக்கிய நேரமும் பொதிந்திருக்கும். 1999இல் மெலிசா என்னும் கணிப்பொறி வைரஸ் பரவியபோது, ஆவணத்துக்குள் இருந்த இத்தகைய எண் துப்புத் துலக்கியவர்களுக்கு ஒரு தடயமாக உதவியது. குற்றவாளியைப் பிடிக்க உதவினால் நல்லதுதான். ஆனால் அதே வழியில் குற்றமற்ற ஒருவரின் கணிப்பொறியையும் கண்டுபிடிக்கலாம் அல்லவா? மனிதர்களைப் பற்றிய பதிவேட்டுக்கு எதையும் வெளியிடாத நான்காம் பதிப்பே ஏற்றது என்று சொல்வேன்.

நீங்கள் செய்ய வேண்டியது

செயற்கை அறிவை வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அதற்கு எந்த வேலை வரும், எந்த வேலை வராது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். பதிவேட்டின் குறிப்புகளைச் சுருக்கிச் சொல்லட்டும், பிழைகளைச் சுட்டிக்காட்டட்டும், ஆங்கிலத்தில் மாற்றித் தரட்டும். எண், நாள், அளவு போன்ற உறுதி வேண்டிய இடங்களில் அது கருவியைக் கேட்டு நடக்கட்டும். தராசு இருக்கும்போது கை நிதானத்தில் நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரரை நாம் ஒப்புவதில்லை. யந்திரத்துக்கும் அதே நியாயம்தான்.

இந்தச் சர்வர் சிறியதுதான். பொருட்காட்சியில் வைத்தால் பார்ப்பவர்கள் நின்று பார்க்க மாட்டார்கள். விளக்கு எரியாது, சக்கரம் சுழலாது. ஆனால் அதை அமைக்கும் மாணவன் அல்லது மாணவி நிகழ்தகவைக் கற்கிறார், பிட்டுகளைக் கற்கிறார், இரண்டு நிரல்கள் பேசும் ஒழுங்கைக் கற்கிறார், யந்திரம் சொன்னதைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது என்பதையும் கற்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடிகிற வேலை அது.

அதற்கும் முன்னே, கணிப்பொறி கிடைக்காதவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தை நான்கு முறை சுண்டினால் 16 விடைகளில் ஒன்று வரும். அது ஓர் இலக்கம். நான்கு நண்பர்கள் ஆளுக்கு எட்டு இலக்கம் சுண்டி எடுத்து 32 இலக்கங்களைச் சேருங்கள். 13ஆம் இலக்கத்தை 4 என்று மாற்றுங்கள். 17ஆம் இலக்கத்துக்கு மட்டும் இரண்டு சுண்டல் போதும். வரும் நான்கு விடைகளுக்கு 8, 9, ஆங்கிலத்தின் முதலெழுத்து, இரண்டாம் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது விதிப்படி அமைந்த, அசல் யு.யு.ஐ.டி. நாணயத்தை நேர்மையாகச் சுண்டியிருந்தால், அந்த எண்ணை இதற்கு முன் உலகில் எவரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். அதை உங்கள் பள்ளி வாசலில் நிற்கும் மரத்துக்கு இட்டு, பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதுங்கள்.